கோடையில் உடைந்த பொய்மீன்கள்

கடல் தாண்டிப் பிழைக்கப் போவதற்கு எங்கள் பக்கத்தில் சபுர் என்று பெயர், அப்பாவுக்கு அத்தா. எங்கள் தெருவில் சபுருக்குப் போய்த் திரும்பிய அத்தாக்கள் எல்லாரும் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தா டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். எதிர்வீட்டு அத்தா பொத்தானை அமுக்கினால் படக்கென்று விரியும் குடையும், நைலக்ஸ் சேலையும் கொண்டுவந்தார். நான் தொட்டிலில் கிடந்தபோது சிங்கப்பூருக்குப் போய், நான் இரண்டாம் வகுப்பு முடித்தபோது திரும்பிய என் அத்தா, ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறையப் பொய்மீன் கொண்டுவந்தார்.

பொய்மீன் என்பது அம்மா வைத்த பெயர். விரல் நீளத்தில் மரத்தால் செய்து, வர்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் முள் மாட்டிய மீன்கள் அவை. புழுவும் வேண்டாம், தவளையும் வேண்டாம். தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி எறிந்து, சுண்டிச் சுண்டி இழுத்தால் நிஜக் குஞ்சு ஓடுவதுபோலவே தண்ணீரில் நெளிந்து ஓடும். விராலும் வாளையும் ஏமாந்துபோய்க் கவ்வும். இதையெல்லாம் அத்தா விளக்கி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு டப்பாவின் அடிவரை துழாவிப் பார்த்தாள். பிஸ்கட்கூட இல்லை.

"அவனவன் மனுசங்கள ஏமாத்திச் சம்பாரிச்சுட்டு வர்றான். நீங்க மீன ஏமாத்தறதுக்கா ஏழு வருசம் போனீங்க?" என்று கேட்டாள். அத்தா அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த மீன்களின் அருமை தெரிந்த ஒரே ஆள் சிங்காரம் மாமா. அத்தாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியத்தாவுக்கும் பொதுவில் இருந்த எட்டு மா நிலத்தை, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே குத்தகைக்கு உழுது வந்தவர். ஆற்றுக்கு அக்கரையில் வீடு. சின்ன வயதில் அவரும் அத்தாவும் முள்ளில் தவளை மாட்டிச் சேர்ந்து தூண்டில் போட்டவர்கள். பொய்மீனைப் பார்த்ததும் அவருக்கும் நம்பிக்கை வரவில்லை. "விராலு என்னா அவ்வளவு கூறுகெட்டதா சபுராளி? கட்டயப் போயிக் கடிக்குமா?" என்று கேட்டார். முதல் வீச்சிலேயே கடித்தது. அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது, சொந்தக்காரன் ஒருத்தன் சீட்டாட்டத்தில் பிடிபட்டதைப் பார்த்தவர்போல் அவர் கூச்சப்பட்டார். ஆனால் அன்றிலிருந்து அவரையும் அந்த டப்பாவையும் பிரிக்க முடியவில்லை.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் இருவரும் மீன் பிடிப்பார்கள். தை கடைசியில் மேட்டூரை மூடி, மாசியில் ஆறு வெறும் மணலானதும் பொய்மீன்களுக்கு வைத்தியம் ஆரம்பமாகும். வயலோரத்துப் புங்கமரத்தடியில் சாக்கை விரித்து டப்பாவைக் கொட்டுவார்கள். துருப்பிடித்த முட்களைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சோதிப்பது அத்தா. வெடித்த உடம்பில் மெழுகு அடைத்து, வர்ணம் பூசுவதும் அவர்தான். வாலுக்குச் சேவல் இறகு கட்டுவது மட்டும் சிங்காரம் மாமா. நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, அதன் இரண்டு நுனியும் எங்கே போயிற்று என்றே தெரியாமல் முடித்துவிடுவார். அத்தா கட்டினால் முதல் வீச்சில் மீன் ஒரு பக்கமும் இறகு ஒரு பக்கமுமாகப் போகும். விழுந்துபோன கண்களை ஒட்டுவது என் இலாகா. அம்மாவின் அறுந்துபோன பழைய கருகமணிச் சரத்திலிருந்து ஒவ்வொரு மணியாகத் திருடி, அரக்கை உருக்கி வைத்து ஒட்டுவேன். அதனால் எனக்குக் கண் டாக்டர் என்று பெயர்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்த வைத்தியம் நடக்கவில்லை. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றப்போகிறார்கள், தாசில்தார் ஊர் ஊராக வந்து விசாரிக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அதே பேச்சு. சில ஊர்களில் குத்தகைக்காரர்கள் இறங்க முடியாதபடி வயலுக்கு முள்வேலி போட்டார்கள். சில ஊர்களில் சங்கத்து ஆட்கள் சிவப்புக் கொடியை நட்டுவிட்டுக் காவல் இருந்தார்கள். எங்கள் வரப்பிலும் ஒரு கொடி முளைத்தது. அதைப் பார்த்துப் பெரியத்தாவுக்கு ரத்தம் கொதித்தது. உளுந்தில் இறங்குகிற குருவிகளை விரட்ட அது நல்லதுதான் என்று அத்தா சொன்னார். ஆனால் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னார்.

பெரியத்தா அரிசி மண்டி வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அவர் இருமினால் எங்கள் வீட்டில் அத்தா எழுந்து நிற்பார். அண்ணன் முன்னால் அத்தா வாழ்நாளில் பேசியதை எல்லாம் சேர்த்துப் பிழிந்தால் ஒரே ஒரு சொல்தான் தேறும்.

"பதிவேட்டுல அவன் பேரு ஏறிட்டா அப்பறம் நெலத்துக்கு நம்ம யாரு? அவன் நம்மகிட்ட கூலிக்கு நிக்கிற ஆளு, சாகுபடி நம்மளோடது. தாசில்தார் வந்து கேட்டா இதத்தான் சொல்லணும். அதுவரைக்கும் அந்த ஆளோட பேச்சு வார்த்த வச்சுக்காதே" என்றார் பெரியத்தா.

"சரிண்ணே" என்றார் அத்தா.

சிங்காரம் மாமாவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லைப் பெரியத்தாவின் களத்தில் கொண்டுவந்து அளப்பார். பெரியத்தா தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் ரசீது. சாட்சிக்கு யாரையாவது கூப்பிடலாம் என்றால், ஊரில் எல்லார் நெல்லும் பெரியத்தாவின் மண்டிக்குத்தான் போயாக வேண்டும். பெயர் ஏறாவிட்டால் வருகிற குறுவைக்கு அவர் அந்த வயலில் கால் வைக்க முடியாது. அவருக்கு வேறு நிலமும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புங்கமரத்தடி காலியாகிவிட்டது, கண் டாக்டருக்கு வேலை போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு மீன் உடைந்தது. அத்தா தன் சிங்கப்பூர்ப் பெட்டியைத் திறந்து ஒரு நீலத் தாளை எடுத்து, மீனை அதில் மடித்து என்னிடம் கொடுத்தார். "சிங்காரம் மாமாகிட்ட குடுத்து ஒக்கிட்டு வாங்கிட்டு வா" என்றார். உடைந்ததைச் செப்பனிடுவதை நாங்கள் ஒக்கிடுவது என்போம்.

"பெரியத்தா பேசக்கூடாதுன்னாங்களே?"

"யாரு பேசச் சொன்னா? பேசறது வேற, ஒக்கிடறது வேற."

ஆற்று மணல் காலைச் சுட்டது. ஓடி ஓடி அக்கரைக்குப் போனேன். சிங்காரம் மாமா பொட்டலத்தைப் பிரித்தார். மீனைப் பார்க்கவில்லை, தாளைத் தொடையில் வைத்து நீவிப் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் தாள் இல்லை. அதன் பிறகுதான் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்டையில நல்ல அடி பட்டிருக்கே பாப்பா. தண்ணியே இல்லாத ஆத்துல இது எங்க போயி முட்டுச்சு?"

"தெரியல மாமா."

அவர் உட்கார்ந்து ஒக்கிட்டுக் கொடுத்தார். "சபுராளிகிட்ட நான் ஒண்ணும் சொன்னதாச் சொல்லாத. நீயாச் சொல்ற மாதிரி சொல்லு. நெசமீனா இருந்திருந்தா நேத்தே கொழம்பாயிருக்கும், பொய்மீனாப் போனதால பொழச்சுதுன்னு" என்றார்.

வீட்டில் அத்தா வாசலிலேயே நின்றார். "அவரு ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்து முழுவதையும் ஒப்பித்தேன். அத்தா சிரித்த சிரிப்பில் கைலி அவிழ்ந்தது. அண்ணன் சொல்லைத் தட்டாமல் நண்பனோடு பேச ஒரு வழி கிடைத்துவிட்டது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த வழி நான்தான் என்பதில் எனக்குப் பெருமை.

அதன் பிறகு மூன்று நாளைக்கு ஒரு மீன் என்று உடைய ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் பெட்டியிலிருந்து ஒரு நீலத் தாள் வந்தது. ஒருநாள் ஆற்று மணலில் உட்கார்ந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். 'அலைகடல் தாண்டினும் அன்னைத் தமிழை மறவாத அன்புச் சபுராளி அவர்களே' என்று ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் மைக் பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். கட்சிக் கூட்டத்து நோட்டீஸ் போலிருக்கிறது என்று மடித்துவிட்டேன்.

இரண்டாவது மீனா மூன்றாவது மீனா என்று நினைவில்லை, மண்டி வாசலில் பெரியத்தா என்னை நிறுத்தினார். "என்னாடி அது கையில, அடிக்கடி எடுத்துட்டுப் போற?" என்று பொட்டலத்தைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் முள் அவர் கட்டைவிரலில் ஏறியது. அரிசி மூட்டைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். முள்ளைப் பிடுங்கி, விரலை வாயில் வைத்துக்கொண்டு, "இந்தச் சனியன எடுத்துட்டு ஓடு. கல்யாணம் கட்டி, புள்ள பெத்தும் இவனுக்கு வெளையாட்டுப் புத்தி போகல" என்று பொட்டலத்தை என் கையிலேயே திணித்தார். அவர் ரத்தம் ஒரு சொட்டு அந்தத் தாளில் பட்டிருந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன்.

கண் டாக்டருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. போன தடவை நான் புதுக் கண் வைத்த மீனுக்கு இந்தத் தடவை கண் இல்லை. போன தடவை சிங்காரம் மாமா அவ்வளவு இறுக்கிக் கட்டிய வால் இந்தத் தடவை பிய்ந்து தொங்குகிறது. வீட்டுப் பூனைதான் என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் இல்லாத வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் தூங்கும்போது நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தேன். வந்தது பூனை இல்லை, அத்தா. டப்பாவைத் திறந்தார். ஒரு மீனை எடுத்து வாஞ்சையாகத் தடவிக் கொடுத்தார். பிறகு அம்மிக்குப் பக்கத்தில் குந்தி, குழவியால் அதன் தலையில் ஒரு போடு போட்டார். வாலைக் குறட்டால் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. "என்னா கட்டுக் கட்டியிருக்கான் பாவி" என்று சந்தோஷமாக முணுமுணுத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார்.

நான் மூச்சுவிடாமல் ஓடிப்போய் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "டப்பாவத் தொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. அன்று சாயங்காலமே பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி, அஜரத்திடம் ஒரு சொம்பு தண்ணீர் ஓதி வாங்கினாள். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் என்று கணக்கு. அத்தா எதற்கு என்று கேட்காமல் வாங்கிக் குடித்தார். "தண்ணி நல்லா இருக்கே, எந்தக் கெணறு?" என்று மட்டும் கேட்டார். ஆனால் மீன்கள் உடைவது நிற்கவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்புச் செய்தேன். கணக்கு நோட்டுக்கு அட்டை போடாதவர்கள் வெயிலில் நிற்க வேண்டும் என்று எங்கள் சார் சொல்லியிருந்தார். என் கையில் ஐந்தாவது மீன் இருந்தது, அதைச் சுற்றி மொடமொடவென்று ஒரு நல்ல நீலத் தாள் இருந்தது. நோட்டீசுதானே என்று அதை உருவி, எழுத்து உள்பக்கமும் ஸ்டாம்பு வெளிப்பக்கமுமாக நோட்டுக்குப் போட்டுக்கொண்டேன். மீனை ஒரு பூவரச இலையில் சுருட்டி ஈர்க்குச்சி குத்திக் கொண்டுபோனேன்.

சிங்காரம் மாமா இலையைப் பிரித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நரம்பு நரம்பாகப் பார்த்தார்.

"இன்னைக்கு எலையிலதான் மடிச்சுக் குடுத்தாரா பாப்பா?"

"ஆமாம் மாமா" என்றேன். பொய் சொன்னதில் காது சூடாகிவிட்டது. தாளை நீவியதுபோலவே அவர் அதையும் தொடையில் வைத்து நீவினார். பிறகு அந்த இலையையும் பத்திரமாக உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனிக் கடைசியில், ஏழாவது மீன் உடைந்து ஒரு வாரத்தில், தாசில்தார் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டார்கள். எங்களை வேப்பமரத்தடிக்கு விரட்டி, வாய்ப்பாடு எழுதச் சொன்னார்கள். எங்கள் கண்ணெல்லாம் வராந்தாவில் இருந்தது. ஒரு பக்கம் சிவப்புத் துண்டு போட்ட சங்கத்து ஆட்கள், ஒரு பக்கம் வெள்ளைச் சட்டைக்காரர்கள். பெரியத்தா சலவை ஜிப்பாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தா நின்றார். அத்தாவுக்கு எப்போதும் அதுதான் இடம்.

தாசில்தார் சின்ன வயதுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். "நீ குத்தகைக்காரன்னு சொல்றே. அவங்க கூலியாளுன்னு சொல்றாங்க. ஒங்கிட்ட என்னய்யா இருக்கு?" என்று சிங்காரம் மாமாவைக் கேட்டார். மாமா மஞ்சள் பையிலிருந்து நீலத் தாள்களை எடுத்து வைத்தார். எனக்கு அந்தத் தாள்களை நன்றாக அடையாளம் தெரிந்தது.

தாசில்தார் முதல் தாளை எடுத்து வாய்விட்டே வாசித்தார். "'அலைகடல் தாண்டினும் அன்னைத் தமிழை மறவாத அன்புச் சபுராளி அவர்களே! தங்கள் எட்டு மாவிலும் அறுவடை இனிதே முடிந்தது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குத்தகை நெல்லைத் தங்கள் அண்ணார் களத்தில் அளந்து கொடுத்தேன். மேல வாய்க்காலில் ஒரு விரால் நாலு நாளாக என்னை நையாண்டி செய்கிறது. தாங்கள் இருந்தால் அது இப்படித் துணியுமா?'" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருய்யா எழுதினது?"

"நான்தாங்க. படிப்பகத்துல போயி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது. வருசத்துக்கு ஒண்ணு, அறுப்பு முடிஞ்சதும் சிங்கப்பூருக்குப் போட்டுருவேன்."

"ஒரே ஓட்டையா இருக்கே?"

"தூண்டிமுள்ளு பட்டதுங்க."

"நீ அனுப்புன கடுதாசி ஒங்கிட்டயே எப்படித் திரும்பி வந்துச்சு?"

மாமா வேப்பமரத்தைப் பார்த்தார். "தானா வந்துச்சுங்க."

"கடுதாசி தானா எப்புடிய்யா வரும்?" என்று பெரியத்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். தாசில்தார் அவரை உட்காரச் சொன்னார். ரெண்டு ஊர்த் தபால் முத்திரையும் இருக்கிறது, எனக்கு அது போதும் என்று சொல்லி, தாள்களை வருஷப்படி வரிசையாக வைத்தார். ஐந்தாவது இடத்துக்கு வந்ததும் பையிலிருந்து காய்ந்துபோன ஒரு பூவரச இலை வந்தது.

"என்னய்யா இது?"

"பூவரச எலைங்க."

"அது தெரியுது. இத எதுக்கு எங்கிட்ட குடுக்கிறே?"

"தெரியலிங்க. அந்த வரிசையில இதான் வந்துச்சு. என்னமோ அர்த்தம் இருக்கும்னு வச்சிருந்தேன்."

வராந்தாவே சிரித்தது. சிவப்புத் துண்டுக்காரர்களும் சிரித்தார்கள். பெரியத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மண்டிக்காரர், சந்தர்ப்பம் தெரிந்தவர். "பாத்தீங்களா சார்! அந்த வருசம் நாங்க ஆளு வச்சு சொந்தச் சாகுபடி பண்ணோம். அதான் கடுதாசி இல்ல. மத்த வருசம் எழுதுனதெல்லாம் இவன் கத" என்றார். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனால் தொடர்ந்து சாகுபடி என்று எழுதச் சிரமம் என்றார் தாசில்தார். சிங்காரம் மாமாவின் முகத்தில் சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அவர் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாவும் தெரியாது, பதிவேடும் தெரியாது. இலை நான் சொன்ன பொய் என்பது தெரியும். கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். "சார், அது எங்கிட்ட இருக்கு. அட்டை போட்டிருக்கேன்" என்றேன்.

தாசில்தார் நோட்டை வாங்கி அட்டையை மெதுவாக உரித்தார். முத்திரையைப் படித்தார். உள்ளே அலைகடல் தாண்டியிருந்தது, எட்டு மாவும் அறுத்திருந்தது, அண்ணார் களத்தில் நெல் அளந்திருந்தது, விரால் தப்பியிருந்தது. அதை ஐந்தாவது இடத்தில் வைத்து, இலையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பெரியத்தா என் பக்கம் திரும்பினார். "ஒங்கிட்ட எப்புடி வந்துச்சு இது?"

"அத்தாதான் மீன மடிச்சுக் குடுத்தாங்க" என்றேன். அதன் பிறகுதான் எல்லாரும் ஏன் அத்தாவைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தேன்.

அத்தா அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். அவர் அண்ணனிடம் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அன்று வந்தது. "வேண்டாத தாளுன்னு நெனச்சு மடிச்சுட்டேண்ணே."

"படிச்சுப் பாக்க மாட்டியாடா?"

"கட்சி நோட்டீசு மாதிரி இருந்துச்சுண்ணே."

தாசில்தாருக்கு இருமல் வந்தது. சிங்காரம் மாமா மறுபடியும் வேப்பமரத்தைப் பார்த்தார். சங்கத்து ஆள் ஒருவர் இன்னொருவர் காதில், "சபுருக்குப் போயும் இப்படி ஒரு வெவரந் தெரியாத வெள்ளச்சோளமா?" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பதிவேட்டில் பெயர் ஏறியது.

அன்றிலிருந்து அத்தாவுக்கு ஊரில் 'மீன் மடிச்ச சபுராளி' என்று பெயர் வந்துவிட்டது. யாராவது ரேஷன் கார்டைத் தொலைத்தால்கூட, அவர் வீட்டில் மீன் மடித்தார்களா என்று கேட்டார்கள். என்னால்தான் அத்தா முட்டாள் ஆனார் என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். மூன்றாம் நாள் அத்தா என்னைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அங்கே சாக்கு விரித்திருந்தது, சிங்காரம் மாமா இறகு கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் இப்போது ஒளிவு மறைவில்லாமல் பேசிக்கொண்டார்கள். பதிலாகப் பெரியத்தா பேச்சை நிறுத்தினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவுக்கு அவர் பக்கத்திலிருந்து தாழ் விழுந்தது. அவர் இருமினால் அத்தா பழக்கதோஷத்தில் எழுந்து நிற்பார்; பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துவிட்டு உட்காருவார்.

மீன்கள் உடைவது சுத்தமாக நின்றுபோயிற்று. ஓதின தண்ணீரின் மகிமை என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். அஜரத்துக்கு ஒரு வேட்டியும் கொடுத்தோம்.

எனக்குக் கல்யாணமாகி, என் கணவர் சபுரிலிருந்து எழுதிய கடிதங்களை நான் ஒருநாள் வருஷப்படி அடுக்கி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது மனதில் விழுந்தது. அத்தாவின் பெட்டியில் அந்த நீலக் கடிதங்கள் ஒரு மூலைகூட மடங்காமல், புது வேட்டிக்கு நடுவில், இப்படித்தான் வரிசையாக இருந்தன. முதல் மீனில் முதல் வருஷம் போயிற்று. இரண்டாவதில் இரண்டாவது வருஷம். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஊர் முன்னால் முட்டாளாக நிற்கத் தைரியம் இருந்தது. ஆசை ஆசையாகச் சுமந்து வந்த மீன்களை அம்மியில் வைத்து அடித்ததும் அதே தைரியம்தான். அவரிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. கதவில் தாழ் விழுந்ததற்கு அடுத்த கோடை. ஆறு மணலாகி, டப்பாவைத் திறந்தபோது ஒரே ஒரு மீன் வால் பிய்ந்து கிடந்தது. முந்தின நாள் பார்த்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. அத்தா அதை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, "இத ஒக்கிட்டு வாங்கிட்டு வா" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பினேன்.

"அங்க இல்லம்மா. பெரியத்தா வீட்டுக்கு."

"பெரியத்தாவுக்கு மீன் ஒக்கிடத் தெரியாதே!"

"தெரியாதுதான். குடுத்துட்டு வா."

வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பெரியத்தா மண்டிக் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். மீனைக் கையில் எடுத்ததும் முள் கட்டைவிரலில் ஏறியது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை. என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து மீன் வந்தது. நடுக்கதவுத் தாழை நீக்கிக்கொண்டு, பெரியத்தாவே கொண்டுவந்து அத்தா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்; தாழைத் திரும்பப் போடவில்லை. மூட்டை தைக்கிற கோணி ஊசியால் அந்தச் சின்ன மரமீனைக் குத்திக் கீறி, சாக்குச் சணலால் ஒரு முழம் சுற்றி, மேலே பெரிய முடிச்சாகப் போட்டிருந்தார். அவ்வளவு அசிங்கமான மீனை நான் பார்த்ததே இல்லை. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தா சிரிக்கவில்லை. அந்தப் பெரிய முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு டப்பாவில் எல்லா மீனுக்கும் மேலே வைத்து மூடினார்.

ஆனியில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. அந்த மீனை மட்டும் அத்தா எறியவே இல்லை. அந்த வருஷமும் இல்லை, பிறகும் இல்லை. அவ்வளவு சணலோடு அது எப்படி நீந்தும், அதனால்தான் எறியவில்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.